கலைச்சொல் உதவி: நிலவில் கிடைப்பதை நிலவிலேயே பயன்படுத்துவதற்கு என்ன சொல்?

பணகுடி, அறிவியல் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காக ‘விண்வெளிக் குடியேற்றம்’ என்று ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். பாளையங்கோட்டை அச்சகம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது. ஒரு சொல்தான் இடிக்கிறது. ‘இன்-சிட்டு ரிசோர்ஸ் யூட்டிலைசேஷன்’, அதாவது போன இடத்து மண், பனிக்கட்டி, காற்று இவற்றைக் கொண்டே மூச்சுக்காற்றும் எரிபொருளும் கட்டடமும் செய்துகொள்வது. களப்பணி, கள ஆய்வு எல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கம் என்பதால் ‘களவளப் பயன்பாடு’ என்று வைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் வாசித்ததும் முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "யாரு மண்ண டீச்சர் களவாங்குதாவ?" என்றாள். வேறு சொல் தாருங்கள்.

வள்ளியூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:
அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள் டீச்சர். உலக நாடுகள் இன்னும் அடித்துக்கொள்ளும் கேள்வி அது. நிலவை எந்த நாடும் தன்னுடையது என்று கொண்டாட முடியாது என்கிறது 1967 விண்வெளி உடன்படிக்கை. தோண்டி எடுத்த பொருள் யாருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. எடுத்தவருக்கே என்று 2015-இல் அமெரிக்காவும் 2017-இல் லக்சம்பர்க்கும் சட்டம் போட்டுவிட்டன. மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்ற 1979 நிலவு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. நிலவு வளத்தை எடுக்கலாம் என்னும், அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் 2023-இல் சேர்ந்துவிட்டோம். இதற்குக் கையேட்டில் ஒரு பக்கமாவது வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘பயன்பாடு’ போதாது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் சோதிக்கும் கிரையோ எஞ்சினில் (கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்டு ஓடும் ராக்கெட் எஞ்சின்) ஹைட்ரஜன் ஒரு பங்கென்றால் ஆக்சிஜன் எடையில் ஏறக்குறைய ஐந்து பங்கு. ஆக, சுமையில் பெரும்பகுதி ஆக்சிஜன்தான். நிலவு மண்ணிலோ எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன், ஆனால் பாறையோடு பிணைந்து கிடக்கிறது. உருக்கி மின்சாரம் பாய்ச்சியோ வேறு வழியிலோ பிரித்தால்தான் உண்டு. செவ்வாய்க்குப் போன பெர்செவரன்ஸ் ஊர்தியின் மாக்சி கருவி, அங்குள்ள கரியமில வாயுவைப் பிளந்து 2021 முதல் 2023 வரை மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. இது ஆக்கும் வேலை. ‘உள்ளூர்வள ஆக்கம்’ என் பரிந்துரை.

தென்காசி, தமிழாசிரியர்:
ஊரே இல்லாத இடத்தில் உள்ளூர் எது அண்ணாச்சி? நமக்குச் சொல் புதிதாய்ப் படைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு நிலத்துக்கே உரிய பொருள்களைத் தொல்காப்பியர் ‘கரு’ என்றார். ‘கருப்பொருளாக்கம்’ என்று வைத்துப் பாருங்கள். கருவாக இருப்பதை உருவாக்குவது என்ற நயமும் சேர்கிறது. ஆக்சிஜனை உயிர்வளி என்றே எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கருப்பொருள் என்றால் இன்றைய பிள்ளைக்குக் கதையின் கருப்பொருள்தான் நினைவுக்கு வரும். ஒன்பதாம் வகுப்புக்காரியிடம் தொல்காப்பிய உரையை எதிர்பார்க்க முடியுமா? உயிர்வளி நல்ல சொல்தான், நானும் மருத்துவக் கட்டுரைகளில் எழுதுகிறேன். எஞ்சினுக்குள் எரிபொருளை எரிக்கப் போகிறதை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பாடநூலில் இருக்கும் ஆக்சிஜன் இருக்கட்டும்.

டீச்சர், தலைப்பையும் பாருங்கள். இலங்கைத் தமிழர்களுக்குக் ‘குடியேற்றம்’ நிலம் பறிபோன சொல். ‘குடியமர்வு’ என்று மாற்றலாமே.

வள்ளியூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:
குடியமர்வு நன்று. தென்காசிக்கு ஒரு மறுப்பு. நான் பள்ளியில் படித்தவரை நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருள் தெய்வம், உணா, மா, மரம் என்று போகும். நாம் உருக்கப்போவது மண். உங்கள் இலக்கணப்படியே அது கருப்பொருளாகாதே?

தென்காசி, தமிழாசிரியர்:
நல்ல மறுப்பு. ஆனால் ‘பிறவும்’ என்று தொல்காப்பியர் இடம் விட்டிருக்கிறார். நம்பியகப்பொருள் நீரையும் கருப்பொருளில் சேர்த்தது. சந்திரயான்-1 தந்த தரவிலிருந்து 2009-இல் உறுதியானது நீர்தானே? தென்முனைப் பள்ளங்களில் தேடுவதும் பனிக்கட்டியைத்தானே? நிலவு எந்தத் திணை என்பதையும் இங்கே பேசிவிடலாம். பாலை என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். பாலைக்குத் தொல்காப்பியர் நிலமே ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்றது சிலம்பு. ஒருபோதும் பசுமை காணாத நிலம் எதிலிருந்து திரிந்தது? ஆறாவதாக ஒரு திணை வகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வள்ளியூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:
திணை தெரியாது, பாறை தெரியும். நிலவின் மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. அதை அரைத்துத்தான் சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க நிலவு மண்போல ஒன்றை இஸ்ரோ தயாரித்தது. பிள்ளைகள் கையில் அந்தக் கல்லில் ஒரு துண்டைக் கொடுங்கள் டீச்சர்.

அம்பாசமுத்திரம், மொழிபெயர்ப்பாளர்:
புதன் ஆகிவிட்டது. என் முடிவு ‘இடவளப் பயன்பாடு’. இடம், வளம், பயன்பாடு மூன்றும் தெரிந்த சொற்கள். தேரிக்காட்டுப் பனையேறி நின்ற மரத்திலிருந்தே ஓலை, நார், பதநீர் எல்லாம் எடுத்துக்கொள்வது போல என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ‘ஆக்கம்’ தவறில்லை. ஆனால் நிலவு மண்ணை மூட்டையாகக் கட்டிக் கதிர்வீச்சுக்குத் தடுப்பாய் அடுக்கினாலும் இதே பெயர்தான், அதில் ஆக்குவது ஒன்றுமில்லை.

வள்ளியூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:
மண்மூட்டையை நான் மறந்துவிட்டேன். இடவளத்துக்கு என் கை உயர்கிறது.

பணகுடி, அறிவியல் ஆசிரியை:
தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பெரும்பான்மை இடவளப் பயன்பாட்டுக்கே. அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். தலைப்பு ‘விண்வெளிக் குடியமர்வு’. மண் யாருக்கு என்ற பக்கத்தை அந்த மாணவியின் கேள்வியோடு தொடங்கியிருக்கிறேன். கருப்பொருளாக்கம் சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக இருக்கும் ஐயா.

தென்காசி, தமிழாசிரியர்:
சொல்லடைவில் இடம் தந்ததற்கு நன்றி அம்மா. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. ‘இடவளம்’ பூமியில் எந்தச் சுரங்கத்துக்கும் பொருந்தும். வேற்று நிலத்துக்குரியது என்ற குறிப்பே அதில் இல்லை. ஆறாம் திணை பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.