1955 கிளெமெண்டே அட்டை: அசலா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பழைய பேஸ்பால் அட்டைகளை (வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள்) நன்கு அறிந்தவர்களின் உதவி அவசரமாகத் தேவைப்படுகிறது.

பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமெண்டேயின் முதல் டாப்ஸ் நிறுவன அட்டை (1955, எண் 164) ஒருவரிடம் விலைக்கு வந்திருக்கிறது. அட்டைகளைச் சோதித்துத் தரமிடும் பிஎஸ்ஏ போன்ற நிறுவனத்தின் சான்று இல்லை. மூலைகள் தேய்ந்திருக்கின்றன, நடுவில் ஒரு மடிப்பும் உண்டு. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அசலாக இருந்தால் போதும்.

அந்த ஆண்டு அட்டைகள் கிடைமட்டமானவை: 3¾ அங்குல அகலம், 2⅝ அங்குல உயரம். இந்த அட்டையோ உயரத்தில் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஓரத்தை நறுக்கியிருப்பார்களா, அல்லது அக்காலத்து ஆலை வெட்டிலேயே இவ்வளவு வேறுபாடு வருமா? உங்களிடம் 1955 டாப்ஸ் அட்டை எதுவாக இருந்தாலும் அளந்து சொல்லுங்கள். மறுபதிப்புகளும் ஏராளமாக இருப்பதால், புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிர்கிறதா (ஒளிர்ந்தால் பிற்காலத் தாள்) என்று பார்க்கப் போகிறேன். உருப்பெருக்கியில் அச்சுப் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்றும் யாராவது விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

எத்தனையோ நட்சத்திரங்கள் இருக்க, ஏன் இவர்? சரியாக 3,000 ஹிட்கள் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் விழுந்து இறந்தார். இவருடைய அட்டை இல்லாத தொகுப்பு எனக்கு நிறைவு தராது.

விற்பவர் இந்த வார இறுதி வரை காத்திருக்கிறார். முன்புறம், பின்புறம், ஓரங்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.