செட்: இந்த ஒரு சொல் உங்களை எங்கே திகைக்க வைத்தது?

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். போன வாரம் ஆறாம் வகுப்பில் 'தி சன் செட்ஸ் இன் தி வெஸ்ட்' என்ற வரியைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை, 'சூரியனுக்கு மேற்குதான் செட் ஆகும்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 'இந்தச் சட்டை உனக்கு செட் ஆகல', 'அந்த வரன் செட் ஆகல' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். தோட்டத்தில் பம்புசெட், திருவிழாவில் மைக்செட், ஓட்டலில் செட் தோசை. மறைவதற்கும் இதே சொல்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பு இந்த வினைச்சொல்லுக்கு 430 பொருள் தருகிறது. அதை விளக்கவே சுமார் 60,000 சொற்கள். பிறகு 'ரன்' 645 பொருளோடு இதை முந்திவிட்டது. அத்தனையையும் வகுப்பில் நடத்த முடியாது. உங்கள் வேலையில் இந்தச் சொல் எப்படி வந்தது என்று எழுதுங்கள், பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

* * *

டீச்சர், நான் இங்கிலாந்தில் செவிலியர். வந்த முதல் வாரமே நைட் டியூட்டி. பொறுப்பை ஒப்படைக்கும்போது சீனியர் சிஸ்டர் எட்டாம் படுக்கைப் பாட்டியைப் பற்றி, 'ஷீ இஸ் டெட் செட் ஆன் கோயிங் ஹோம்' என்றார். 'டெட்' காதில் விழுந்ததுமே எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறகு சொன்னது எதுவும் ஏறவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரையை விலக்கினால், பாட்டி கோட்டுப் போட்டுக்கொண்டு, மடியில் கைப்பையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்! வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். அவ்வளவுதான் சேதி.

அன்று ராத்திரி முழுக்க அதே சொல். 'செட் ஆஃப் ஆப்ஸ்' எடுத்தாயா என்றார்கள்: நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைப்பது. 'கிவிங் செட்' கொண்டு வா என்றார்கள். யாருக்கு எதைக் கொடுக்க என்று விழித்தேன். நாம் ஐ.வி. செட் என்போமே, டிரிப்ஸ் ஏற்றும் குழாய், அதேதான். பத்து வருஷம் கையாண்ட பொருள், பெயர் மாறியதும் தெரியாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் ஒரு சொல் புரியாவிட்டால் அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

* * *

எனக்குக் கட்டட வேலை. கொத்தனார், 'கலவை செட் ஆயிடப்போகுது, சீக்கிரம் கொட்டு' என்பார். எங்களுக்கு அது இறுகுவது. இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டு 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். சட்டென்று இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்.

முதல் சைட்டில் தளம் போட்ட மறுநாள் வீட்டுக்காரரிடம், 'செட் ஆயிடுச்சு சார்' என்றேன். அவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் விடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போனால் மாடியில் முடி முடியாக வெடிப்பு. இறுகுவது வேறு, பலம் ஏறுவது வேறு. பலத்தை 28 நாள் கணக்கில்தான் சோதிப்போம். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையால் அவர் காசு வீணாயிற்று. அன்றிலிருந்து 'செட் ஆயிடுச்சு' என்று யாரிடமும் சொல்வதில்லை. 'பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க, எத்தனை நாள்னு நான் சொல்றேன்' என்பேன்.

* * *

நான் யாழ்ப்பாணத்தில படிச்சனான். எங்கட கணிதப் புத்தகத்தில செட்டுக்குத் தமிழ் 'தொடை'. சேர் கரும்பலகையில 'தொடைகள்' எண்டு எழுத, பெடியள் எல்லாம் சிரிச்சுப்போட்டாங்கள். சேர் கோவிக்கேல்லை. 'மோனைத் தொடை, எதுகைத் தொடை படிச்சனீங்கள்தானே? பூத் தொடுக்கிற மாதிரி ஒண்டாச் சேர்க்கிறதுதான் தொடை' எண்டார். அந்த விளக்கம் இண்டைக்கும் மறக்கேல்லை.

பிறகு திருச்சியில சித்தப்பா வீட்டில நிண்ட நேரம், அவற்ற மகளின்ர ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் பாத்தால் 'கண மொழி' எண்டு இருக்கு. அங்க செட்டுக்குத் தமிழ் 'கணம்'. கணம் எண்டால் எனக்கு நொடிதான் தெரியும். தொடை எண்டால் அவளுக்குக் கால்தான். ரெண்டு செட்டிலயும் பொதுவா இருக்கிறதை நான் 'இடைவெட்டு' எண்டன், அவள் 'வெட்டு' எண்டாள். கடைசியில தாளில ரெண்டு வட்டம் ஒண்டுக்குமேல ஒண்டு படக் கீறி, நடுவில கறுப்படிச்சுக் காட்டினன். 'அட, இதுதானா அண்ணா!' எண்டாள்.