கிங் பின் மாற்றியதும் ஸ்டியரிங் இறுகிவிட்டது, ஒரு பக்கம் கிரீஸும் ஏறவில்லை

சங்ககிரி லாரி:
அப்பா ஓட்டிய டாடா 1210-ஐ எஃப்.சி.க்குத் (வண்டித் தகுதிச் சான்று) தயார் செய்கிறேன். முன் ஆக்சிலில் ஆட்டம் அதிகம் என்று இரண்டு பக்கமும் கிங் பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சுக் கம்பி), புஷ் (அதைச் சுற்றி வரும் உலோகக் குழல்), திரஸ்ட் பேரிங் (பாரம் தாங்கும் பேரிங்) எல்லாம் புதிதாக வாங்கி, மாமாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே மாட்டினேன். ஆட்டம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் ஸ்டியரிங் முன்பைவிட இறுக்கம், வளைவில் ஒடித்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் திரும்பி வருவதும் இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி கனமாகத்தான் இருக்கும், தெரியும், இது அந்தக் கனம் இல்லை. டிரைவர் பக்கம் மேல் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் முனை) கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் வெளியிலேயே பிதுங்குகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார் மாமா. விட்டுவிடலாமா?

ஸ்பேனர் 22:
விடாதீர்கள் தம்பி. முதலில் அந்த நிப்பிளைக் கழற்றித் தனியாகக் கன்னில் மாட்டி அழுத்திப் பாருங்கள். கிரீஸ் வந்தால் நிப்பிள் நல்லது, புஷ்ஷை அடித்து ஏற்றும்போது அதன் துளை நிப்பிள் துளைக்கு நேராக வராமல் திரும்பியிருக்கும். அப்படியானால் எத்தனை முறை அழுத்தினாலும் ஏறாது, புஷ்ஷைக் கழற்றத்தான் வேண்டும். அப்புறம், புஷ் ஏற்றியபின் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட்டீர்களா? மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், நீள ரீமரை இரண்டிலும் சேர்த்து ஓட்டினால்தான் அது நடக்கும். எமரி பேப்பர் வைத்துத் தேய்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பழைய பட்டறை:
அவர் சொன்னது சரி. பிரிப்பதற்கு முன் ஒரு வேலை: முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, டிராக் லிங்க்கையும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பி) டை ராடையும் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) கழற்றிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்புங்கள். எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று உடனே தெரியும். இரண்டும் லேசாகத் திரும்பினால் கோளாறு ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம்.
திரஸ்ட் பேரிங் ஆக்சிலுக்குக் கீழே, மூடிய பக்கம் மேலே பார்த்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். சிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) ஒன்று கூடிப்போனாலும் இப்படித்தான் இறுகும். கிரீஸ் அடிப்பதும் சக்கரம் தூக்கியிருக்கும்போதுதான், பாரம் இறங்கி நின்றால் அழுத்தம் விழும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து, பழசு வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.
டை ராட் பால் ஜாயிண்ட்டின் டேப்பரில் (கூம்பான பகுதி) மட்டும் கிரீஸ் தடவவேண்டாம், துடைத்து உலர்வாக மாட்டுங்கள். நட்டை முறுக்கியபின் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் பின்) துளை சேரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், துளைக்காக நட்டைத் தளர்த்தாதீர்கள்.

சங்ககிரி லாரி:
பிரித்துவிட்டேன். டிரைவர் பக்கம் மேல் புஷ்ஷின் துளை கால்வாசிதான் தெரிந்தது. கிளீனர் பக்கம் கிரீஸ் ஏறியது, ஆனால் சிம் ஒன்று கூடுதல். ரீமர் நாங்கள் போடவே இல்லை, புதுப் புஷ்தானே என்று விட்டுவிட்டோம். லேத் பட்டறையில் கொடுத்து ரீமர் போட்டு மாட்டியதும் ஒரு கையால் சக்கரத்தைத் திருப்ப முடிகிறது. நாளை டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்க்கப் போகிறேன். மாமா இன்னும் ஓட ஓடச் சரியாகியிருக்கும் என்றுதான் சொல்கிறார்.