‘எடுத்தாச்சா தம்பி?’: ஷட்டர் சத்தத்தோடு சில அனுபவங்கள்

பகிர்வு 1

மார்கழிக் கச்சேரிகளைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் படம் எடுத்துவரும் எனக்கு ஷட்டர் சத்தம் முதன்முதலில் உறைத்தது ஒரு சஹானா ராக ஆலாபனையின்போது. பாடகி மந்தர ஸ்தாயியில் இறங்கி, தம்புராவின் நாதம் மட்டும் மிஞ்சும் அளவுக்குக் குரலைத் தணித்த கணத்தில், நான் என் டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் பொத்தானை அழுத்திவிட்டேன். முன்வரிசையில் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவ்வகைக் கேமராவில் ஷட்டர் திரையின் சத்தத்தைவிட, உள்ளே இருக்கும் கண்ணாடி மேலெழுந்து மோதித் திரும்பும் சத்தமே பெரிது. என் நிக்கான் கேமராவில் இருந்த, சத்தம் குறைக்கும் ‘க்வையட்’ நிலை அதை அடியோடு நீக்கவில்லை. இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. அழுத்திய விரலை எடுக்கும் வரை கண்ணாடி கீழே இறங்காது என்பதால், படத்தை எடுத்துவிட்டு, மிருதங்கத்தில் பலமாக ஓர் அடி விழும் வரை காத்திருந்து விரலை எடுக்கப் பழகினேன். எனக்குத் தாள ஞானம் வந்துவிட்டதாக நண்பர்கள் கேலி செய்தார்கள். தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனத்தில் இந்தக் கவலையே கிடையாது.

பிறகு உள்ளே கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கி, திரை அசையாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓசையே இல்லாமல் எடுக்கத் தொடங்கியபோது வேறு தொல்லைகள் வந்தன. ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், வேகமாக வாசிக்கும் விரல்கள் சாய்ந்து நீண்டன. மேடை விளக்குகளின் துடிப்பு படத்தின் குறுக்கே பட்டைபட்டையாக விழுந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடி என வைத்தால் பட்டை பெரும்பாலும் மறையும். எல்.இ.டி. மேடை விளக்குகள் சிலவற்றிடம் அந்தக் கணக்கும் பலிப்பதில்லை.

இருந்தாலும், சத்தம் இல்லாமல் இருப்பதே எங்கும் நல்லது என்றுதான் நம்பியிருந்தேன், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பானை வனையும் பாட்டி ஒருவரைப் படம் எடுக்கும் வரை. அவர் தோளை விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பதினான்கு படங்கள் எடுத்த பிறகு, உதட்டை அசைக்காமலே, “எடுத்தாச்சா தம்பி?” என்று கேட்டார். சத்தம் எழுப்பும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி ஒன்று எடுத்தேன். ‘கிளிக்’ என்றதும் அவர் மூச்சை விட்டு, மண் காய்ந்திருந்த விரல்களால் முந்தானையைச் சரிசெய்து, பக்கத்தில் நின்ற பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த படத்தை அந்தச் சிரிப்பின்போது ஓசையின்றி எடுத்தேன். எனக்கு எஞ்சிய நல்ல படம் அது ஒன்றுதான்.

பகிர்வு 2

பாட்டியின் கேள்வியைப் படித்ததும் என் அப்பாவின் ஸ்டூடியோ நினைவுக்கு வந்தது. அவரிடம் இருந்தது யாஷிகா 124ஜி என்ற இரட்டை லென்ஸ் கேமரா. அதில் கண்ணாடி அசையாமல் இருப்பதாலும், ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக இருப்பதாலும், நகத்தைச் சுண்டியது போன்ற ஓசைதான் எழும். எதிரே இருப்பவருக்கு அது கேட்காது என்பதற்காகவே ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அப்பா “சரி” என்று உரக்கச் சொல்வார். தூளியில் உறங்கும் குழந்தையை எடுக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார். தாய்க்குத் தலையசைத்துக் காட்டுவார்.

பகிர்வு 3

நான் சில ஆண்டுகள் தென்கொரியாவில் படித்தேன். அங்கே ஒருவருக்குத் தெரியாமல் படம் எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்பதற்காக, கைபேசிக் கேமரா 60 முதல் 68 டெசிபல் வரை ஒலி எழுப்ப வேண்டும் என்று 2004இல் தொழில்நுட்பத் தரவிதி வகுத்தார்கள். அங்கு வாங்கிய என் கைபேசி, சைலன்ட்டில் போட்டாலும் சத்தம் போடும். ஊருக்கு வந்தபோது, பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிய தாத்தாவை எடுத்தேன். பாதிப் பேருந்து திரும்பிப் பார்த்தது, தாத்தா விழிக்கவில்லை. முன்னிருக்கையில் இருந்த அம்மாள் ஒருவர் மட்டும், தன்னை எடுத்துவிட்டேனோ என்று கேட்டு, படத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பி அமர்ந்தார்.