கோடியக்கரை வெளிமான்: உச்சிவெயிலில் எடுத்த படம் எல்லாம் வெளுத்துவிட்டது, லென்ஸ் பழுதா?

கேட்டவர்: கடைத்தெரு

வணக்கம். சென்ற வாரம் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போயிருந்தேன். வேதாரண்யத்தில் பஸ்ஸைத் தவறவிட்டதால் உள்ளே நுழையும்போதே பதினோரு மணி. ஒரு மணி வரை புல்வெளியில் வெளிமான்களை எடுத்தேன். இருநூறு படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆண்மானின் கரிய முதுகு சாம்பல் பூத்ததுபோல் வந்திருக்கிறது. வயிற்று வெள்ளையோ சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு முடிகூடத் தெரியாமல் போய்விட்டது. கண் இருக்கும் இடத்தில் கருங்குழிதான் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, ஒரு படத்திலும் கூர்மை இல்லை. கொம்பின் முறுக்கு தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிகிறது. 400 எம்எம் லென்ஸ், வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. பழுது பார்க்கக் கொடுத்துவிடலாமா? பணம் சேர்த்து வாங்கியது, மனம் கேட்கவில்லை.

மறுமொழி: உப்பளம்

தம்பி, லென்ஸை எங்கும் கொடுக்க வேண்டாம், பொறுங்கள். நான்கு விவரம் சொல்லுங்கள். மான் எவ்வளவு தொலைவில் நின்றது? ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது), ஷட்டர் வேகம் என்ன? ரா கோப்பா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பது), ஜேபெக்கா (கேமராவே சுருக்கி முடித்துத் தருவது)? அதே நாளில் பக்கத்தில் இருந்த எதையாவது எடுத்தீர்களா, அது கூர்மையாக இருக்கிறதா?

மறுமொழி: கடைத்தெரு

அண்ணா, மான் ஏறத்தாழ 150 மீட்டர். ஐஎஸ்ஓ 400, எஃப்/8 என்று நான் வைத்தேன். ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொண்டது, பெரும்பாலும் 1/800. ஜேபெக்தான். வழியில் ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் கம்பியில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் சொன்ன பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு நுனிவரை அவ்வளவு துல்லியம்!

மறுமொழி: உப்பளம்

அந்தப் பஞ்சுருட்டான் உங்கள் லென்ஸுக்குச் சான்று கொடுத்துவிட்டது. கூர்மையைக் கெடுத்தது கானல். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றும் மேலே உள்ள காற்றும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. ஒளி அவற்றின் வழியே வளைந்து வளைந்து வருகிறது. 150 மீட்டர் வெந்த தரையைக் கடந்து வரும் உருவம் நெளியத்தான் செய்யும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நெளிந்த உருவம் அப்படியே உறையுமே தவிர நேராகாது. லென்ஸின் விலையும் இங்கே உதவாது.

ஃபோகஸ் தவறா, கானலா என்று பிரித்தறிய ஒரு வழி: தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒன்றில் கொம்பு நெளிந்து, அடுத்ததில் கால் நெளிந்து, இன்னொன்றில் சற்றுத் தெளிந்து வந்தால் கானல். பத்திலும் மானுக்கு முன்னால் உள்ள புல்லே கூர்மையாக இருந்தால் ஃபோகஸ். கானலுக்கு மருந்து தொலைவைக் குறைப்பதுதான். 40 மீட்டரில் நிற்கும் மான் கிடைக்கும்வரை காத்திருங்கள். கிடைக்காவிட்டால் மந்தையையும் வானத்தையும் சேர்த்து அகலமாக எடுங்கள்.

அடுத்தது வெளுப்பு. உச்சிவெயிலில் எஃப்/16 என்றால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் என்பது பழைய கணக்கு. அதன்படி ஐஎஸ்ஓ 400-க்கு எஃப்/16-இல் 1/400. எஃப்/8 அதைவிட நான்கு மடங்கு ஒளியை விடும், ஆகவே உங்களுக்கு 1/1600 வந்திருக்க வேண்டும். கேமரா 1/800 கொடுத்திருக்கிறது, அதாவது இருமடங்கு வெளிச்சம். கரிய முதுகையும் பின்னாலிருந்த இருண்ட புதரையும் பார்த்து, காட்சியே இருட்டு என்று அது முடிவு செய்துவிட்டது. இந்த வெயில் மணிக்கணக்கில் மாறாது. ஆகவே மேனுவலில் 1/1600 அல்லது 1/2000 வைத்துவிட்டு, மானை மட்டும் கவனியுங்கள். வயிற்று வெள்ளை வெளுக்கிறதா என்று ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தைப் பாருங்கள். ரா கோப்பில் எடுத்தால் முதுகின் இருட்டை வீட்டில் ஓரளவு மீட்கலாம். வெளுத்த வெள்ளையை மீட்க முடியாது.

மறுமொழி: வல்லநாட்டு வாசகி

கண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால், சற்றுக் கீழே, வெளிமானுக்குக் கரிய பிளவுபோல ஒரு சுரப்பி உண்டு. மங்கிய படத்தில் அதையே கண் என்று எண்ணிவிடுவோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும், அதைத் தேடுங்கள். தலைகுனிந்து மேயும்போது நெற்றியின் நிழல் கண்ணில் விழுகிறது. ஆண்மான் சவால் விடுவதுபோல் மூக்கை உயர்த்திக் கொம்பை முதுகில் சாய்த்து நடக்கும் அல்லவா? அந்த நேரத்தில் வெயில் நேராகக் கண்ணில் விழும், ஒரு பொட்டு ஒளி மின்னும்.

தரையையும் பாருங்கள். அடர்ந்த புல்லில் நிற்கும் மானைவிட, வெளுத்த மணலிலோ காய்ந்த உப்புச் சேற்றிலோ நிற்கும் மானுக்கு அடிவயிறும் தாடையும் கீழிருந்து ஒளி பெறும். யாரோ வெள்ளைத் துணி விரித்துப் பிடித்ததுபோல் இருக்கும். புதர் நிழலில் படுத்திருப்பவையும் நல்ல படம் தரும். நிறம் சற்று நீலமாக வரும், வெள்ளைச் சமநிலையை நிழலுக்கு மாற்றுங்கள்.

ஒரு வேண்டுகோள். தொலைவைக் குறைக்கச் சொன்னதற்காக மானை நோக்கி நடக்காதீர்கள். பிறந்த குட்டியைத் தாய் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி மேயும். அந்த வெயிலில் அதை விரட்டி ஓடவிட்டால் அதற்குப் பெரிய இழப்பு. 1967-இல் அந்தச் சரணாலயத்தை அமைத்ததே முதன்மையாக இவற்றுக்காகத்தான். ஓரிடத்தில் உட்காருங்கள், அவையே வரும்.

மறுமொழி: கடைத்தெரு

நேற்று மறுபடி போனேன். இந்த முறையும் பதினொன்றரைதான் ஆனது. வழிகாட்டியோடு ஒரு புதர் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெண்மான்கள் நான்கு மேய்ந்துகொண்டே வந்தன, பின்னால் ஓர் ஆண். வெளுத்த மணல் திட்டில், முப்பத்தைந்து மீட்டர் இருக்கும், நின்று மூக்கை உயர்த்தியது. 1/2000.

வயிற்றில் முடி தெரிகிறது. கொம்பின் வளையங்களை எண்ண முடிகிறது. கண்ணில் அக்கா சொன்ன பொட்டு இருக்கிறது. முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் இருட்டு. ரா கோப்பில் எவ்வளவு தூக்கினால் புள்ளிப்புள்ளியாகச் சிதறாமல் இருக்கும், அண்ணா?

மறுமொழி: உப்பளம்

ஐஎஸ்ஓ 400 என்பதால் ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு வெளிச்சம், தாராளமாகத் தூக்கலாம். அதற்கு மேல் வேண்டாம் தம்பி, அதன் முதுகு கருப்பாகவே இருக்கட்டும்.