நடத்தைப் படிவத்தில் பிள்ளைக்குப் புள்ளி போடலாமா?

விசுவமடு அம்மா:
மகனுக்கு ஒன்பது வயது, ஓட்டிசம். பாடசாலையில் அவனுக்கு ஒரு நடத்தைப் படிவம் நிரப்பினார்கள். கத்துகிறானா, தன்னை அடிக்கிறானா, கதிரையில் இருக்கிறானா என்று வரிசையாகக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 (பிரச்சினை இல்லை) முதல் 3 (மிகக் கடுமை) வரை புள்ளி. நானும் நிரப்பினேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளையை எண்ணாக்கும் இந்த வேலை வேண்டாம்.

கிளிநொச்சி ரீச்சர்:
அம்மா, புள்ளி வேறுபட்டால் படிவம் பிழை என்றாகாது. 1987இல் அக்கன்பாக் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர், ஆசிரியர் என்று பிள்ளையை வெவ்வேறு இடத்தில் காண்பவர்களின் மதிப்பீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் இணைபு சராசரி 0.28தான் (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை). வீட்டில் அமைதி, வகுப்பில் கத்தல் என்றால் வகுப்பில் ஏதோ அவனைப் படுத்துகிறது. சத்தமோ, வெக்கையோ, பக்கத்துப் பிள்ளையோ. அதைத் தேட இரண்டு தாளும் வேண்டும்.

ஒட்டுசுட்டான் அண்ணா:
அந்த 0–3 படிவம் அபெரன்ட் பிஹேவியர் செக்லிஸ்ட் என்ற பிரச்சினை நடத்தைப் பட்டியல் போல இருக்கிறது. 58 கேள்விகள், 1985இல் வெளிவந்தது. மருந்து போன்ற சிகிச்சைகள் பலன் தருகின்றனவா என்று அளக்க, பராமரிப்பு விடுதிகளில் இருந்தவர்களை வைத்து ஆக்கியது. அம்மம்மாவோடு வளவுக்குள் ஓடித் திரியும் பிள்ளைக்கு அதை அப்படியே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று: வாய் பேசாத பிள்ளை பல்வலியில் கையைக் கடித்தாலும் அதே 3தான். ஏன் கடித்தது என்று தாள் சொல்லாது.

கிளிநொச்சி ரீச்சர்:
காரணம் சொல்லாது, உண்மை. காரணத்தைத் தனியாகத்தான் தேட வேண்டும்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது, உடம்பில் நோவு இருக்கிறதா. ஆனால் படிவம் இல்லாவிட்டால் பிள்ளையின் கோவையில் மிஞ்சுவது "குழப்படி கூட" என்ற ஒரு வரிதான். பஸ்ஸில் அலைந்து களைத்து வந்த பிள்ளையைப் பத்து நிமிடம் பார்க்கும் வைத்தியர் அதை வைத்து என்ன முடிவெடுப்பார்? ஒதுங்கி மூலையில் இருக்கும் பிள்ளையை அந்த வரி கணக்கிலேயே எடுக்காது. இந்தப் படிவத்தில் ஒதுங்கிப்போவதற்குத் தனிப் பகுதி உண்டு.

விசுவமடு அம்மா:
அந்தப் படிவம் கடைசி நாலு கிழமையைத்தானே கேட்கிறது, ரீச்சர்? மகனுக்குப் புள்ளி போட்டவர் பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் புதிதாக வந்தவர், அவனோடு நாலு கிழமை இருக்கவேயில்லை. யார் நிரப்பினார், எவ்வளவு காலம் பிள்ளையைத் தெரியும் என்று தாளிலேயே எழுதட்டும். என் தாளும் கூடப் போகட்டும். பாடசாலைத் தாளை மட்டும் வைத்தியரிடம் அனுப்பினால் நான் ஒப்பமிட மாட்டேன்.