மீன்கள் நன்றாக இருக்கின்றன, பவளமும் நத்தையும் மட்டும் சாகின்றன

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், சுமார் 180 லிட்டர். மூன்று வருடமாக மீன் மட்டும்தான். ஜனவரியில் பவளத் தொட்டியாக மாற்றத் தொடங்கினேன். இதுவரை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

முதலில் வைத்த சோவாந்தஸ் என்ற பவளம் நான்கு நாள் விரியவே இல்லை, ஐந்தாம் நாள் உருகிப்போனது. காளான் பவளமும் சுருங்கியே கிடந்து செத்தது. டர்போ நத்தைகள் மூன்றும் இரண்டே நாளில் கவிழ்ந்துவிட்டன. ஆனால் இரண்டு கோமாளி மீன்களும் நன்றாகச் சாப்பிடுகின்றன. இதுதான் என்னைக் குழப்புகிறது.

இப்போதைய அளவுகள்: உப்பு (ஒப்படர்த்தி) 1.025, சில்லர் என்ற குளிர்விப்பான் வைத்து 26 டிகிரி, காரத்தன்மை 8.5 டிகேஎச், கால்சியம் 420, மெக்னீசியம் 1300, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08. குழாய் நீரில் குளோராமின் என்ற கிருமிநாசினி இருப்பதால் ஆர்ஓ-டிஐ முறையில் சுத்திகரித்த தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். புது எல்இடி விளக்கை 30 சதவீதத்துக்குக் குறைத்தும் பார்த்தேன்.

என் சந்தேகம் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது காப்பர் (செம்பு) மருந்தை இதே தொட்டியில் ஊற்றினேன். மீன் தாங்கும் அளவு காப்பரே பவளத்தையும் நத்தையையும் கொன்றுவிடும். தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுக்க வேண்டும் என்று அப்போது தெரியாது. பாறையும் மணலும் அதை உறிஞ்சிவைத்து இப்போது மெல்ல மெல்ல விடுகின்றனவோ? ஆறு வாரமாக வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றிவிட்டேன், கரியும் காப்பர் உறிஞ்சும் பஞ்சும் போட்டேன். வீட்டுச் சோதனையில் காப்பர் பூஜ்யம்தான் காட்டுகிறது. அப்புறம் வைத்த நத்தையும் செத்துவிட்டது.

காப்பர் பட்ட தொட்டியைப் பவளத்துக்கு மாற்றியவர்கள் சொல்லுங்கள்: பழைய பாறையையும் மணலையும் மொத்தமாகத் தூக்கிப் போட்டுத்தான் ஆக வேண்டுமா?